கால்வெர்ட் குன்றும் ரிஸ்டன் மேடும்: மோரிஸ்பி யூகலிப்டஸை எந்த விதையிலிருந்து மீட்பது?

நிலவேந்தன் (ஹோபார்ட்)

வணக்கம். இந்தப் பகுதியில் நான் பெரும்பாலும் வாசித்துவிட்டு நகர்ந்துவிடுபவன். நான்கு ஆண்டுகளாக டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரில், டெர்வென்ட் ஆற்றின் கிழக்குக் கரையில் வசிக்கிறேன். மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள், உள்ளூர்ச் செடிகளை வளர்க்கும் தன்னார்வ நாற்றங்கால் ஒன்றில் மண் நிரப்புவதும் நாற்று மாற்றுவதுமாக உதவி வருகிறேன். அங்கே கைக்கு வந்த ஒரு நாற்றுதான் இந்த இழைக்குக் காரணம்.

மோரிஸ்பி யூகலிப்டஸ் என்ற இந்த மரம் உலகிலேயே டாஸ்மேனியாவின் தென்கிழக்கு மூலையில் மட்டும் இயற்கையாக வளர்வது. 1930களின் இறுதியில் பிரெட் என்பவர் இதைத் தனிச் சிற்றினமாக விவரித்தார். இதன் பெரிய கூட்டம் சவுத் ஆர்ம் தீபகற்பத்தை ஒட்டிய கால்வெர்ட் குன்றில் இருக்கிறது. சுமார் 20 கிலோமீட்டர் தள்ளி, ஆற்றோரமாக உள்ள ரிஸ்டன் மேட்டில் மிகச் சிறிய கூட்டம் ஒன்று இருக்கிறது. இவற்றைத் தவிர அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரங்கள் உண்டு. அவ்வளவுதான் அதன் உலகம்.

கால்வெர்ட் குன்றில் ஒரு காலத்தில் சுமார் 2000 மரங்கள் இருந்தன. 2010களின் நடுப்பகுதியில் பார்வையிட்டவர்கள் கண்டது வெளுத்த கிளைகளின் குன்றை. நல்ல தழையுடன் நின்ற முதிர்ந்த மரங்கள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்தன. ஆஸ்திரேலிய அரசு 2015-இல் முன்னுரிமை தந்து காப்பாற்ற வேண்டிய தாவரங்கள் என 30 இனங்களைத் தேர்ந்தெடுத்தபோது, அந்தப் பட்டியலில் இதுவும் இடம்பெற்றது.

நாற்றின் இலையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இளம் இலைகள் காம்பில்லாமல், வட்டமாக, எதிரெதிரே ஜோடியாகத் தண்டைப் பற்றிக்கொண்டிருக்கும். மேலே சுண்ணாம்பு பூசியது போல நீலம் கலந்த வெண்மை படர்ந்திருக்கும். நகத்தால் ஒரு கோடு இழுத்தால் அந்த மெழுகுப் பொடி உதிர்ந்து, அடியில் இருக்கும் பச்சை கோடாகத் தெரியும். பிறகு அந்தக் கோடு மறைவதில்லை. அன்று நான் இழுத்த கோட்டைப் பார்த்துவிட்டுத்தான் நாற்றங்கால் பொறுப்பாளர், "அது எந்தக் குன்றின் விதை என்று அட்டையைப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். எனக்கு அப்போது அந்தக் கேள்வியின் எடை புரியவில்லை. ஒரே இனத்தின் இரண்டு குன்றுகள்; விதை எங்கிருந்து வந்தால் என்ன? இங்குள்ள தாவரவியல் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கோத்தகிரி நாற்றங்கால்

தம்பி நிலவேந்தன், நல்ல தலைப்பு. நீங்கள் இருக்கும் தீவுக்கும் எங்கள் மலைக்கும் உள்ள உறவு பழையது. நீலகிரிக்கு 1840களில் கொண்டுவரப்பட்டு, சோலையையும் புல்வெளியையும் விழுங்கி நிற்கும் கற்பூர மரம், அதாவது தைலத்துக்குப் பெயர் கொடுத்த அந்த யூகலிப்டஸ் குளோபுலஸ், டாஸ்மேனியாவின் மாநில மலரைத் தரும் மரமேதான். என் தாத்தா அதை விறகுக்கு வெட்டினார். என் தந்தை தைலம் காய்ச்சினார். நான் அதைப் பிடுங்கிவிட்டுச் சோலை நாற்று நடும் வேலைக்குச் செடி தருகிறேன். அதனால் "அழிந்துவரும் யூகலிப்டஸ்" என்று வாசித்ததும், ஒளிப்பதற்கில்லை, முதலில் சிரித்துவிட்டேன். எங்களுக்கு அது ஒழியாத மரம்.

பிறகுதான் யோசித்தேன். ஒரு பேரினத்தில் எழுநூறுக்கும் மேற்பட்ட சிற்றினங்கள் இருக்கும்போது, உலகெங்கும் நட்டிருப்பது அவற்றில் ஒரு கைப்பிடி மட்டுமே. மற்றவை தத்தம் மலைச்சரிவை விட்டு நகராதவை. எங்கள் மரத்தின் காய் ஒற்றையாக, பெரிதாக, நான்கு மூலை வைத்துப் பொத்தான் போல இருக்கும். உங்கள் மோரிஸ்பிக்கு மொட்டுகள் மும்மூன்றாகக் கூடி, காய் சிறியதாக இருக்கும் என்று படித்திருக்கிறேன். சரிதானா?

நிலவேந்தன் (ஹோபார்ட்)

சரிதான் அண்ணா. மும்மூன்றாகத்தான். மரமும் உங்கள் கற்பூர மரம் போல வானளாவியது அன்று. பன்னிரண்டு மீட்டர் வளர்ந்தாலே பெரிய மரம். பெரும்பாலும் அடியிலிருந்தே பல தண்டுகளாகப் பிரிந்து புதர் போல நிற்கும்.

வித்தகி

நிலவேந்தன் கேட்ட கேள்வி எளிமையாகத் தோன்றினாலும், இந்த மரத்தைப் பற்றிய ஆராய்ச்சி முழுவதும் அதைச் சுற்றியே நகர்ந்திருக்கிறது. கல்லூரியில் முப்பது ஆண்டுகள் தாவர மரபியல் கற்பித்தவள் என்ற முறையில், சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

ஓர் இனத்துக்குள் இருக்கும் வேறுபாட்டை அளக்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது பழைய வழி. வெவ்வேறு இடங்களிலிருந்து, தாய் மரம் வாரியாக விதை எடுத்து, ஒரே மண்ணில், ஒரே நீரில், ஒரே கூரையின் கீழ் வளர்ப்பது. சூழல் ஒன்றே என்பதால், இலையின் அகலத்திலோ மெழுகின் அடர்த்தியிலோ தண்டின் அமைப்பிலோ கூட்டத்துக்குக் கூட்டம் வேறுபாடு தெரிந்தால், அது பரம்பரையில் வந்தது என்று கொள்ளலாம். டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 1991-இல் மோரிஸ்பியின் உறவு முறைகளையும் கூட்டங்களுக்கிடையேயான மாறுபாட்டையும் பாதுகாப்பு நிலையையும் பற்றி எழுதியது இந்த மரபில் வந்த ஆய்வு. இரண்டாவது வழி மரபணுக் குறியீடுகளை நேரடியாக ஒப்பிடுவது; 2005-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து அப்படியும் ஓர் ஆய்வு வந்தது. இரண்டையும் சேர்த்து வாசித்தால் தெரிவது இதுதான்: கால்வெர்ட்டும் ரிஸ்டனும் ஒரே இனத்தின் இரு கிளைகள், ஆனால் ஒன்றின் நகல் மற்றொன்று அன்று.

ஏன் அப்படி? இந்த மரத்துக்கு மிக நெருங்கிய உறவு, டாஸ்மேனியாவின் நடுமேட்டு நிலத்தில் உறைபனியில் வளரும் சைடர் கம் என்னும் யூகலிப்டஸ் கன்னி. அதன் பட்டையில் கசியும் இனிப்புச் சாறு தானே நொதித்து மது போலாகும். தீவின் ஆதிகுடி மக்கள் அதை எடுத்து அருந்தியிருக்கிறார்கள். கடைசிப் பனியுகத்தில், இன்றிலிருந்து சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடந்தது. டெர்வென்ட் முகத்துவாரம் அன்று ஒரு பள்ளத்தாக்கு. குளிர் மரங்கள் தாழ்நிலம் வரை இறங்கியிருந்தன. பின்னர் வெப்பம் ஏற ஏற அவை மேட்டுக்குத் திரும்பிவிட்டன. தாழ்நிலத்தில் பின்தங்கிய சொந்தங்களின் எச்சமே மோரிஸ்பி என்று கருத இடமிருக்கிறது. நடுவே கடல் புகுந்து, காடு மாறி, இரண்டு குன்றுகளும் தனித்தனித் தீவுகளாகிவிட்டன. யூகலிப்டஸ் விதைக்குச் சிறகும் கிடையாது, பறவை உண்ணும் சதையும் கிடையாது. தாய் மரத்தின் உயரத்தைப் போல ஓரிரு மடங்கு தூரத்துக்குள் உதிர்ந்துவிடும். பூச்சியும் பறவையும் மகரந்தத்தைச் சற்றுத் தொலைவு எடுத்துச் செல்லும் என்றாலும், 20 கிலோமீட்டர் அவற்றுக்கு வழக்கமான பயணம் அன்று.

ஆகவே உங்கள் நாற்றின் அட்டை வெறும் முகவரிச் சீட்டு அன்று. அது குலமும் கோத்திரமும்.

செழியன் (மெல்பர்ன்)

வித்தகி அம்மாவின் விளக்கத்துக்கு நன்றி. இருந்தாலும் எதிர்க்கட்சிக்கும் ஒருவர் வேண்டுமல்லவா?

2000 மரங்கள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டன என்றால், அங்கே ஏதோ அடிப்படையாக மாறிவிட்டது. ஹோபார்ட்டின் ஆண்டு மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். மேற்கே 1271 மீட்டர் உயரமுள்ள குனன்யி மலை மழையைத் தடுத்துவிடுவதால் ஏற்பட்ட மறைவு நிலம் அது. பனியுகத்தின் மிச்சம் என்று நீங்களே சொல்கிறீர்கள். பனியுகம் முடிந்துவிட்டது. ஓர் எச்சத்தை அதே குன்றில் கம்பி வேலிக்குள் உயிரோடு வைத்திருப்பது பாதுகாப்பா, அல்லது அருங்காட்சியகமா? இந்த மரம் பூங்காக்களில் நன்றாக வளர்கிறது. அங்கே வளரட்டும். அந்தப் பணத்தை, கூட்டமாக வாழ இன்னும் வாய்ப்புள்ள இனங்களுக்குச் செலவிடலாமே. 2019-இல் யூகலிப்டஸ் இனங்களை மொத்தமாக மதிப்பிட்டபோது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு ஆபத்தில் இருப்பதாகக் கண்டார்கள். வரிசையில் காத்திருப்பவை பல.

நிலவேந்தன் (ஹோபார்ட்)

செழியன், வறட்சியின் பங்கை நான் மறுக்கவில்லை. 1990களின் இறுதியில் தொடங்கிய நீண்ட வறட்சி இந்தப் பக்கத்து மரங்களை உலுக்கிவிட்டது. ஆனால் கால்வெர்ட்டில் நடந்ததை வறட்சி என்ற ஒரே சொல்லில் அடக்க முடியாது. வறட்சியில் நலிந்த மரம் மறுபடி துளிர்க்க முயலும்போது, அந்தத் துளிர் முழுவதையும் இலை தின்னும் வண்டுகளும், இரவில் ஏறும் தூரிகைவால் பாஸம் என்ற பைவிலங்கும் தின்றுவிட்டன. (பாசம் என்று எழுதினால் பொருள் மாறிவிடும் என்பதால் கிரந்த எழுத்து. மரத்தின் மேல் அந்த விலங்குக்குப் பாசம் அதிகம் என்பது வேறு விஷயம்.) துளிரை இழந்த மரம் சேமிப்பிலிருந்து இன்னொரு துளிர் விடும், அதுவும் போகும், ஒருநாள் சேமிப்புத் தீர்ந்துவிடும்.

பாஸம் உள்ளூர் விலங்கு. காலங்காலமாக இந்த மரத்தோடு வாழ்ந்ததுதான். மாறியது சுற்றுப்புறம். மேய்ச்சல் நிலமும் வீட்டுத் தோட்டமும் காட்டுத் துண்டை ஒட்டி இருப்பதால், பாஸத்துக்குப் பகலில் ஒளியக் காடும் இரவில் உண்ணப் புல்லும் எளிதாகக் கிடைக்கின்றன, எண்ணிக்கை பெருகுகிறது. மாலையில் என் வீட்டு வேலியின் மேலேயே மூன்று நான்கு உட்கார்ந்திருக்கும். காடு பரந்திருந்தபோது இந்தக் கடி ஆயிரம் மரங்களில் பங்கிடப்பட்டது. இப்போது சில மரங்களின் மேல் குவிகிறது. நடுமேட்டில் சைடர் கம் மரங்களும் இதே கதையில்தான் சிக்கின. அங்கே தண்டைச் சுற்றித் தகரப் பட்டை கட்டியிருக்கிறார்கள், பாஸத்தின் நகம் வழுக்கிவிடும் என்பதற்காக. தென்னை மரத்தில் எலி ஏறாமல் இருக்க நம் ஊரில் கட்டும் அதே தகரம்.

எனவே இது பனியுகம் முடிந்துவிட்ட பிரச்சினை மட்டும் அன்று. பனியுகம் முடிந்து பத்தாயிரம் ஆண்டுகள் இந்த மரம் அங்கே தாக்குப் பிடித்திருக்கிறது.

கோத்தகிரி நாற்றங்கால்

எண்ணிக்கை பற்றி எனக்கு ஒரு சந்தேகம். "மரம் செத்துவிட்டது" என்று யூகலிப்டஸைப் பற்றிச் சொல்ல, எங்கள் ஊரில் யாருக்கும் துணிச்சல் வராது. வெட்டினால் மறுதாம்பு வரும். அதை வெட்டினால் அடுத்த மறுதாம்பு. அடிக்கட்டையைத் தோண்டி எடுத்தால்தான் ஓயும். காரணம், வேரும் தண்டும் சேரும் கழுத்தில் அது உருட்டி வைத்திருக்கும் மரக்கட்டி. நாற்றிலேயே, விதையிலைக் கக்கத்தில் பட்டாணி அளவு வீக்கமாக அது தொடங்கும். பிறகு மண்ணுக்குள் இறங்கிப் பெருத்து, உறங்கும் மொட்டுகளையும் மாவுச்சத்தையும் சுமந்துகொண்டிருக்கும். மேலே வெளுத்த கிளை நின்றாலும் கீழே உயிர் இருக்கலாமல்லவா? அப்படியானால் ஒற்றை இலக்கம் என்பது எதை எண்ணியது?

வித்தகி

இதுதான் கேட்கப்பட வேண்டிய கேள்வி. மோரிஸ்பியிலும் அந்த அடிக்கட்டி உண்டு. மேல்மரம் காய்ந்த பின் கட்டியிலிருந்து துளிர்த்தவை உண்டு. அவற்றையும் சேர்த்தால் எண்ணிக்கை கூடும். "நல்ல தழையுள்ள முதிர்ந்த மரம்" என்று எண்ணுவதன் காரணம், விதை தருவது அதுதான் என்பதே. முழங்கால் உயரத் துளிருக்குப் பூக்கும் வயது வர ஆண்டுகள் ஆகும். அதுவரை வாயில் அகப்படாமல் இருக்க வேண்டும்.

மறுபக்கம் ஒரு மிகையெண்ணிக்கையும் நேரலாம். பல தண்டுகளாகப் புதர் போல நிற்பது உண்மையில் ஒரே உயிராக இருக்கக்கூடும். நியூ சவுத் வேல்ஸில் மோங்கர்லோ என்னும் இடத்தருகே, 1980களின் நடுவில் கண்டெடுக்கப்பட்ட யூகலிப்டஸ் ரிகர்வா இதற்குத் தீவிரமான உதாரணம். இன்றுவரை அறியப்பட்டவை விரல்விட்டு எண்ணத்தக்க செடிகளே. அவற்றில் ஒன்று பல மீட்டர் அகலத்துக்கு அடிக்கட்டி பரப்பிய ஒற்றை உயிர், பல்லாயிரம் ஆண்டு வயதுடையதாக மதிப்பிடப்பட்டது. ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் நிற்பதால் அவை பூத்தும் விதையின்றிக் கிடந்தன. காடு என்று பார்ப்பவனுக்கு நூறு தண்டு; மரபியலுக்கு ஒன்று.

இதிலிருந்து செழியனின் பூங்கா யோசனைக்கு வருகிறேன். பூங்காவில் நிற்கும் மோரிஸ்பிகள் எத்தனை தாய் மரங்களின் பிள்ளைகள்? நூறு மரங்கள் இரண்டு தாய்களிலிருந்து வந்தவை என்றால், அவை நூறு அல்ல. இனம் பூங்காவில் பிழைத்துவிடும். 2000 மரங்களில் பரவியிருந்த வேறுபாடு, எந்த மரம் வறட்சி தாங்கும், எதன் இலை வண்டுக்குக் கசக்கும் என்ற அந்தச் சரக்கு, பிழைக்காது.

செழியன் (மெல்பர்ன்)

ஒப்புக்கொள்கிறேன், பூங்கா என்று நான் எளிதாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அம்மா, உங்கள் வாதமே எனக்கு இன்னொரு கதவைத் திறக்கிறது. வேறுபாடுதான் சொத்து என்றால், ரிஸ்டனையும் கால்வெர்ட்டையும் ஏன் தனித்தனியே வைத்துக்கொண்டிருக்க வேண்டும்? ரிஸ்டனில் எப்போதுமே சில பத்து மரங்களுக்கு மேல் இருந்ததில்லை. அத்தனை சிறிய கூட்டத்தில் சொந்தத்துக்குள்ளேயே கலந்து கலந்து வீரியம் குன்றுவது நிச்சயம். இரண்டின் மகரந்தத்தையும் மாற்றித் தூவி, கலந்த விதையை இரண்டு குன்றுகளிலும் விதைத்தால் என்ன? "இது ரிஸ்டன் குலம், இது கால்வெர்ட் குலம்" என்று அட்டை கட்டிப் பிரித்து வைப்பது, கோத்திரம் பார்த்துக் குடும்பம் அழிந்த கதையாகிவிடாதா?

வித்தகி

கோத்திரம் என்ற சொல்லை நான்தான் முதலில் எடுத்தேன். அடி வாங்கத் தகுதியானவளே.

உங்கள் வாதத்தில் பாதிக்கு மேல் நியாயம் இருக்கிறது. யூகலிப்டஸ் தன் மகரந்தத்தையும் ஏற்கும், அயல் மகரந்தத்தையும் ஏற்கும். தன் மகரந்தத்தில் விளைந்த விதை முளைத்தாலும், நாற்று பெரும்பாலும் சவலைப் பிள்ளை. காட்டில் போட்டியில் முதலில் சாவது அதுவே. மரங்கள் நெருக்கமாக இருக்கும்வரை அயல் கலப்பு அதிகம் நடந்து இந்தக் குறை மறைந்திருக்கும். அண்டை மரங்கள் சாகச் சாக, மிஞ்சிய மரத்தின் விதையில் சவலைகளின் பங்கு கூடும். இன்று கால்வெர்ட் குன்றும் அந்த நிலையில்தான் இருக்கிறது. ரிஸ்டனைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

என் தயக்கம் வேறு இடத்தில். கலப்பது ஒருவழிப் பாதை. குன்றின் மேலேயே கலந்துவிட்டால், பிறகு பிரித்தெடுக்க எந்த ஆய்வகத்தாலும் முடியாது. அதுவும் ரிஸ்டன் போன்ற சிறு கூட்டத்தில் நூற்றுக்கணக்கான கால்வெர்ட் நாற்றுகளை நட்டால், அதற்குப் பெயர் மீட்பு அன்று, குடியேற்றம். சிறியது பெரியதில் கரைந்துவிடும். ஆகவே என் யோசனை: இரண்டு கூட்டங்களுக்கும் தனித்தனி விதைத் தோட்டங்கள்; ஒவ்வொன்றிலும் முடிந்த அளவு அதிகமான தாய் மரங்களின் பிள்ளைகளைக் கலந்து, உடன்பிறப்புகள் அருகருகே வராதபடி நடுவது. இரண்டு குன்றுகளுக்கும் வெளியே, மூன்றாவதாக ஓரிடத்தில், நீங்கள் சொல்லும் கலப்பைச் சோதித்துப் பார்க்கலாம். அது தூய வரிசைகளைவிட நன்றாக வளர்ந்தால், கையில் சான்று இருக்கும். வளராவிட்டால், குன்று கெடாமல் இருக்கும்.

செழியன் (மெல்பர்ன்)

மூன்றாவது இடம் என்பதில் உடன்படுகிறேன். அந்த மூன்றாவது இடம் சற்றே குளிரான, ஈரமான இடமாக இருக்கட்டும் என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். நம் பிள்ளைகள் காலத்துத் தட்பவெப்பத்துக்கு நடவேண்டும்.

ரிஸ்டன் விஷயத்தில் மட்டும் என் வாதத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன். சான்று கிடைக்கும்வரை அந்தச் சில மரங்கள் காத்திருக்குமா என்பதுதான் என் கவலை.

கோத்தகிரி நாற்றங்கால்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். தீயைப் பற்றி யாரும் பேசவில்லையே? யூகலிப்டஸ் நாற்று தானாக முளைப்பது பெரும்பாலும் தீ கடந்த நிலத்தில்தான். சாம்பல் மண், திறந்த வெளிச்சம், மேலே காயிலிருந்து ஒரே சமயத்தில் கொட்டும் விதை. கால்வெர்ட்டில் அளவாகத் தீ வைத்தால் புதிய தலைமுறை வராதா?

வித்தகி

காய் நிறைந்த மரங்கள் நின்றிருந்தால் நானும் ஆமாம் என்றிருப்பேன். யூகலிப்டஸ் தன் விதையை மண்ணில் சேமிப்பதில்லை, கிளையில் சேமிக்கிறது. மண்ணில் விழுந்த விதை ஓராண்டுக்குள் முளைக்கும், அல்லது எறும்பு கொண்டுபோகும். இப்போது கிளை மொட்டை, கிட்டங்கி காலி. இந்நேரத்தில் தீ வைத்தால் முளைக்க விதை இராது. நலிந்த அடிக்கட்டிகள் கடைசிச் சேமிப்பையும் செலவழித்துத் துளிர்க்கும். அந்தத் துளிரைப் பாஸம் மறுநாளே மேயும். முதலில் வேலி, பிறகு விதை, அதன் பிறகுதான் தீ. வரிசை மாறினால் மருந்தே நஞ்சு.

கால்வெர்ட்டில் மேயும் விலங்குகள் புகாதபடி வேலி போட்ட இடங்களில் நாற்றுகளும் அடித்துளிர்களும் எழுந்தன என்ற செய்திதான் இந்த விவாதத்துக்கே அடிப்படை. குன்று அவற்றை இன்னும் ஏற்கிறது.

நிலவேந்தன் (ஹோபார்ட்)

நான் நேரில் பார்த்ததிலிருந்து ஒரு சிக்கலைச் சேர்க்கிறேன். எங்கள் நாற்றங்காலுக்கு அன்பர் ஒருவர், தம் பண்ணையில் இருபது ஆண்டுகளுக்கு முன் நட்ட மோரிஸ்பி மரத்தின் காய்களை ஒரு துணிப்பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். எங்களுக்கு ஒரே மகிழ்ச்சி; முளைப்பும் அபாரம். நாற்று நான்காவது ஜோடி இலை விட்டபோதுதான் பொறுப்பாளரின் முகம் மாறியது. வட்ட இலைகளுக்கு நடுவே, நீண்டு கூரான, மெழுகு குறைந்த இலைகளோடு சில நாற்றுகள் நின்றன. பண்ணை ஓரத்தில் வெள்ளை கம் எனப்படும் யூகலிப்டஸ் விமினாலிஸ் மரங்கள் வரிசையாக நிற்கின்றனவாம். அவற்றின் இளம் இலை ஈட்டி வடிவம், பளபளப்பான பச்சை. தாய் மோரிஸ்பி, தந்தை விமினாலிஸ். அந்தத் தொகுதி முழுவதையும் காட்டுக்கு அனுப்பக்கூடாது என்று ஒதுக்கிவிட்டோம், தெருவோரத்துக்குக்கூடத் தரவில்லை.

அதாவது தோட்டத்து மரத்தின் விதையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. தனித்து நிற்கும் மோரிஸ்பிக்குத் தன் இனத்து மகரந்தம் கிடைக்காத அளவுக்கு, அயல் இனத்து மகரந்தம் வந்து சேர்கிறது. காட்டிலும் இதே ஆபத்து உண்டு. எஞ்சிய மரங்கள் குறையக் குறைய இது கூடும். கூழ் மரத்துக்காகத் தீவெங்கும் நட்டிருக்கும் நைட்டன்ஸ் இனம் வேறு இருக்கிறது; அது பெருநிலத்திலிருந்து வந்தது, இங்குள்ள ஓவாட்டா இனத்தோடு கலந்து நாற்று உண்டாக்கியிருப்பதை ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள்.

செழியன் (மெல்பர்ன்)

ரிஸ்டன் மேட்டில் அதே பெயருடைய இன்னொரு அரிய யூகலிப்டஸ் இருக்கிறதே, ரிஸ்டோனியை. அதுவும் மோரிஸ்பியோடு கலந்துவிடாதா?

வித்தகி

கலக்காது. அது பெப்பர்மின்ட் வகை. பேரினத்துக்குள்ளேயே வேறொரு துணைப் பேரினம். துணைப் பேரினம் தாண்டிக் கலப்பு நடப்பதில்லை. பூவும் தேனீயும் பொதுவாக இருந்தாலும் மகரந்தம் வீண்.

ஆனால் ரிஸ்டோனியை எடுத்தீர்களே, அதற்காக நன்றி. அந்த மரம் தன் நெருங்கிய உறவான அமிக்டலினா நிற்கும் சரிவுக்குள் விதை மூலம் நடந்துபோவதைவிட, மகரந்தம் மூலம் தாவிப் போகிறது என்று 1988-இல் பாட்ஸும் ரீடும் எழுதினார்கள். முதலில் கலப்பினம் முளைக்கிறது. அது மீண்டும் ரிஸ்டோனியின் மகரந்தத்தைப் பெறுகிறது. சில தலைமுறைகளில், விதை ஒருபோதும் எட்டாத இடத்தில் ஏறத்தாழ ரிஸ்டோனியே நிற்கிறது. ஆகக் கலப்பு எப்போதும் களங்கம் அன்று. பெரிய கூட்டத்துக்கு அது இடம்பெயரும் வழி. மோரிஸ்பி போலச் சில மரங்களாகக் குறைந்துவிட்ட இனத்துக்கு மட்டும் அது கரைந்துபோகும் வழி. எண்ணிக்கையே முடிவு செய்கிறது.

கோத்தகிரி நாற்றங்கால்

என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்கிறேன். விதையைச் சேகரிக்கும்போது ஒரு மரத்துக்கு ஒரு பை. பையில் மரத்தின் எண், இடம், நாள், பக்கத்தில் என்னென்ன இனங்கள் நிற்கின்றன என்ற குறிப்பு. காயைத் தாளில் பரப்பி நிழலில் வைத்தால் சில நாளில் வாய் திறக்கும். தட்டினால் இரண்டு வகைத் தூள் விழும். கருமையாக, கனமாக இருப்பது விதை. வெளிர் நிறத்தில் மரத்தூள் போல இருப்பது பதர். பதர்தான் அதிகம் இருக்கும். எல்லா மரத்தின் விதையையும் ஒரே டப்பாவில் கொட்டிக் கலக்கிவிட்டால், அந்த நிமிடமே வித்தகி அம்மா சொன்ன சரக்கு போய்விட்டது. நிறையக் காய்த்த ஒரே மரத்தின் பிள்ளைகள்தான் படுக்கை முழுவதும் முளைக்கும். நாங்கள் சோலை மரங்களில் இந்தத் தவறைச் செய்து, பத்து வருடம் கழித்துத்தான் உணர்ந்தோம்.

வித்தகி

உலர வைத்து −20 பாகை செல்சியஸில் வைத்தால் யூகலிப்டஸ் விதை பல பத்தாண்டுகள் தாங்கும். ஹோபார்ட்டின் அரச தாவரவியல் பூங்காவில் 2005 முதல் விதைப் பாதுகாப்பு மையம் இயங்குகிறது. செழியனின் கவலைக்கு அதுதான் ஓரளவு விடை: ரிஸ்டன் மரங்கள் காத்திருக்காவிட்டாலும், தாய் வாரியாக எடுத்து வைத்த விதை காத்திருக்கும். ஆனால் விதை எடுக்க மரம் காய்க்க வேண்டும். காய்க்கத் தழை வேண்டும். மறுபடியும் வேலியிடமே வந்து நிற்கிறோம்.

யூகலிப்டஸ் குடும்பத்து மரங்களைத் தாக்கும் பூஞ்சை நோயான, 2015-இல் டாஸ்மேனியாவிலும் தலைகாட்டிய மர்ட்டில் துருவை மனத்தில் வைத்துப் பார்த்தால், விதையை ஒரே கட்டடத்திலும் மரத்தை ஒரே தோட்டத்திலும் வைக்காமல் இருப்பது இன்னும் அவசியமாகிறது.

செழியன் (மெல்பர்ன்)

சரி, ரிஸ்டன் விதை முதலில் தனியே சேகரிக்கப்படட்டும். கலப்பு மூன்றாவது இடத்தில் தொடங்கட்டும். ஆனால் இரண்டும் ஒரே ஆண்டில். ஒன்று முடிந்து மற்றொன்று என்றால் நான் திரும்பவும் எதிர்க்கட்சிக்குப் போய்விடுவேன்.

நிலவேந்தன், கடைசியாக ஒன்று. நீங்கள் நகத்தால் கோடு இழுத்த அந்த நாற்றின் அட்டையில் என்ன இருந்தது?

நிலவேந்தன் (ஹோபார்ட்)

நேற்று போய்ப் பார்த்துவிட்டே எழுதுகிறேன். அட்டை வெயிலில் வெளுத்திருந்தது. பென்சிலில் எழுதியிருந்ததால் வாசிக்க முடிந்தது. கால்வெர்ட், தாய் மரம் 14. அதே தட்டில் இருந்த மற்ற நாற்றுகளை வரிசைப்படுத்தி வைத்து, நான்காம் ஜோடி இலையை ஒன்றோடொன்று ஒப்பிட்டோம். ஈட்டி இலை எதுவும் இல்லை. இரண்டு மட்டும் மற்றவற்றில் பாதி உயரமே வளர்ந்து, இலை சுருங்கி நின்றன. தன் மகரந்தத்தில் பிறந்தவையாக இருக்கலாம் என்று பொறுப்பாளர் சொல்லி, அவற்றைத் தூக்கிப் போடாமல் தட்டின் ஓரத்துக்கு நகர்த்தி வைத்தார். என் கோடு இருந்த நாற்று பெரிய தொட்டிக்கு மாறிவிட்டது. கோடு அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே ஆறு ஜோடி இலைகள் புதிதாக வந்திருக்கின்றன.